சிள்வண்டு தின்னாத கிளி

லஸ்மினி: ...அதுக்குப் போய் யாராவது சிள்வண்டு போடுவாங்களா? அது கிளிங்க!

சுகிமான்: எனக்குச் சொல்லித்தராத. முப்பது வருஷமா பறவை வளக்கிறேன். கூண்டைத் தூக்கிக்கிட்டு நான் போகாத பாட்டுப் போட்டி இந்த சோலோ ஊருல உண்டா?

லஸ்மினி: அதே முப்பது வருஷமா உங்களுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கேன், தெரியாதா? செத்துப்போன உங்க மூராய்க் குருவி பாடுற பறவை. சிள்வண்டு தின்னுச்சு, கோப்பையும் வாங்குச்சு. இது உள்ளங்கையளவு கிளி. பாருங்க, பயந்து மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது...

சுகிமான்: தெம்பு வரட்டும்னுதான் போட்டேன்.

லஸ்மினி: வந்திருக்கே, சிள்வண்டுக்கு! கூண்டுக்குள்ள ஜம்முனு உக்காந்து அதுதான் பாடிக்கிட்டிருக்கு.

சுகிமான்: கிண்டலா? ஆறு நாளா துணி போட்டு மூடி, கம்பத்து உச்சியில ஏத்தி, போன்ல மூராய் பாட்டைப் போட்டுவிடுறேன். வாயைத் திறந்துச்சா? ம்ஹூம்.

லஸ்மினி: அவ்வளவு உசரத்துல, இருட்டுக்குள்ள, முன்னபின்ன தெரியாதவன் கத்துறதைக் கேட்டா நானும்தான் திறக்க மாட்டேன்.

சுகிமான்: அப்படியா! அப்ப உன்னைத்தான் மொதல்ல ஏத்தணும்.

லஸ்மினி: ஏத்துவீங்க, ஏத்துவீங்க. கயிறு தாங்கணுமே.

சுகிமான்: விளையாட்டில்ல, லஸ்மினி. பிடிக்கலைன்னா ஒரு வாரத்துல மாத்திக்கலாம்னு சந்தைக்காரன் சொல்லியிருக்கான். நாளையோட கெடு முடியுது. குடுத்துட்டு வேற பறவை வாங்கப் போறேன்.

லஸ்மினி: ஐயையோ... வேணாம்.

சுகிமான்: ஏன் வேணாம்?

லஸ்மினி: பாவம்... இப்பத்தான் கொஞ்சம் பழகியிருக்கு.

சுகிமான்: யாரோட பழகியிருக்கு? நேத்து தண்ணி வெக்கப் போனப்ப என் விரலைக் கடிச்சுக் குதறிடுச்சு.

லஸ்மினி: கிளெப்போன் சும்மால்லாம் கடிக்காது. நீங்க மேலேருந்து கையை விட்டிருப்பீங்க.

சுகிமான்: யாரு... கிளெப்போனா? பேரு வேற வெச்சாச்சா?

லஸ்மினி: பச்சையா, உருண்டையா, கிளெப்போன் கொழுக்கட்டை மாதிரியே இருக்கே... மேல தேங்காய்த் துருவலைத் தூவினா பலகாரத் தட்டுலயே வெச்சுடலாம்...

சுகிமான்: பேச்சை மாத்தாத. கூண்டைக் கீழ எறக்கினியா?

லஸ்மினி: நீங்க சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் போனப்ப. ஒரே ஒரு தடவை.

சுகிமான்: லஸ்மினி...

லஸ்மினி: சரி, தினமும்! மொத ரெண்டு நாள் அதைத் திரும்பிக்கூடப் பாக்காம பக்கத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்கினேன். மூணாம் நாள் கையில தினை வெச்சு நீட்டினேன்... ஏறிக்கிச்சு. இப்ப மடியில படுத்துத் தூங்குது. போதுமா?

சுகிமான்: கை பட்ட பறவை போட்டிக்கு ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?

லஸ்மினி: தெரியும். ஆகாமப் போகட்டும்னுதான் தொட்டேன்.

சுகிமான்: அடிப்பாவி!

லஸ்மினி: திட்டிக்குங்க. இந்த வீட்டுல பாடின பறவையெல்லாம் உங்க கோப்பைக்குத்தான் பாடுச்சு. எனக்குன்னு வந்து உக்காந்தது இது ஒண்ணுதான். இதையும் கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னா... நெஜமாச் சொல்றேன், என்னால தாங்க முடியாது.

சுகிமான்: குடுக்க முடியாது.

லஸ்மினி: என்னது?

சுகிமான்: பறவையை மாத்த வரலைன்னு முந்தாநேத்தே சந்தைக்காரனுக்குச் சொல்லிட்டேன்.

லஸ்மினி: அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு என் உசுரை வாங்கினீங்க?

சுகிமான்: நீயா வாயைத் திறக்கிறியான்னு பாத்தேன்.

லஸ்மினி: நல்லா பாத்தீங்க! ஆமா... உங்களைத்தான் கடிக்குதே, அப்புறம் என்ன திடீர்ப் பாசம்?

சுகிமான்: எப்பவுமே கடிக்குதுன்னு இல்ல.

லஸ்மினி: எப்பக் கடிக்காதாம்?

சுகிமான்: ...காலையில நீ சமையலுக்கு டெம்பே வாங்கப் போறப்ப.

லஸ்மினி: ஏன், அப்ப மட்டும் என்ன?

சுகிமான்: சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு... அன்னைக்குத் தொழுகை முடிஞ்சு சீக்கிரம் வந்தப்ப, ஜன்னல் வழியா நீ அதைக் கொஞ்சுறதைப் பாத்தேன். எனக்கும் ஆசையா இருந்துச்சு. கையை நீட்டினா கடிக்குது. அதான்... நீ தெருமுனை தாண்டினதும் கதவைத் தாழ் போட்டுட்டு, உன் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கிட்டு உக்காருவேன்.