பென்சிலால் ஐந்து குறிகள்

மிஸ்டர் லிஸ்டருக்கு கஸ்டர்ட் டார்ட் என்ற இனிப்புப் பண்டம் பிடிக்கும். சூப்பர்மார்க்கெட்டில் ஆறு ஆறாக அடைத்து விற்கிறார்களே, அது இல்லை. பார்ன்ஸ்லி சந்தையில் மீன்கடையை ஒட்டிய கடையில் சனிக்கிழமை காலையில் போடுவது, மேலே ஜாதிக்காய்ப் பொடி தூவியது. சனிக்கிழமை வாங்கி வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவேன். பதினோரு வாரம் போயிருக்கிறேன். ஒரு வாரம்கூட வெறுங்கையோடு போனதில்லை.

அந்த டார்ட் அட்டைப்பெட்டியை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் வாசற்படியில் இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்திருக்கிறது. மேலே கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரி என் பெயரைச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வக்கீல், எது கேட்டாலும் "சொல்ல ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லச் சொன்னார். நானும் சட்டம் படித்தவள்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நான் ஸ்டேசி ஓல்ட்ராய்ட் என்று பெயரைச் சொன்னதும், பேச்சைக் கேட்டதும், எந்தத் தெருவில் வளர்ந்தேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டீர்கள், சார்ஜண்ட். எல்லாரும் போடுவார்கள். அந்தத் தெருவிலிருந்து வந்தவளை வக்கீல் அலுவலகங்கள் பயிற்சிக்கு எடுப்பதில்லை. லீட்ஸில், ஏமாந்தவர்களுக்குப் பணத்தை மீட்டுத் தரும் ஒரு கிளெய்ம் கம்பெனி எடுத்தது. மூன்று வருடம் சட்டம் படித்துவிட்டு, ஒரு நாளைக்கு நூற்றிருபது பேருக்கு போன் போட்டு, "கார் கடனோடு உங்களுக்குத் தெரியாமல் பிபிஐ சேர்த்து விற்றார்களா?" என்று கேட்டேன்.

பிபிஐ என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டிலும் யாராவது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கியிருப்பார்கள். கடன் வாங்கியவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் தவணையை நாங்கள் கட்டுகிறோம் என்று சொல்லும் காப்பீடு. சொல்லும். அவ்வளவுதான்.

என் அம்மா டெனிஸ் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுத்துவிட்டு வரும் வேலை பார்த்தாள். அந்த வேலைக்குக் கார் வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் டான்காஸ்டர் ரோட்டிலிருந்த ஒரு கடையில் சின்ன நீலக் கார் ஒன்றைத் தவணைக்கு எடுத்தாள். விற்றவர் டெரக் லிஸ்டர். அன்றைக்கு நடந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. சிகரெட் துளை விழுந்த சோபா, சுவரில் கார் சாவிகள், அவர் காதில் செருகியிருந்த பென்சில். கையெழுத்தானதும் முதல் காரியமாக, உருளைக்கிழங்கைச் சுடச்சுடப் பொரித்துத் தரும் சிப்ஸ் கடைக்குப் போனோம். நான் புதுக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பொட்டலம் முழுவதையும் தின்றேன். வினிகர் சீட்டெல்லாம் சொட்டியது. அம்மா திட்டவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கிழவரைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது அம்மாவுக்கு முதுகு விட்டுப்போனது. காப்பீட்டுக்காரர்களுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கமிருந்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். முதுகுவலி இதில் சேராதாம். பின்பக்கத்தில் போட்டிருக்கிறதாம். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால படிச்சிருக்கணுமே மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டு அம்மா அதை என்னிடம் அப்படியே சொன்னாள். பிறகும் பல தடவை சொன்னாள், சிரித்துக்கொண்டே.

காரை எடுத்துக்கொண்டு போனார்கள். கார் போனதும் வேலை போனது. பிறகு வலி மாத்திரை. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மாத்திரை அவளைக் கொண்டுபோனது. பட்டமளிப்பு விழாவுக்குக் கவுனை வாடகைக்கு எடுத்து என்னை நானே படம் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனியில் சேர்ந்ததும் அம்மா பெயரில் கிளெய்ம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். படித்துப் புரிந்துகொண்டேன் என்ற கட்டத்துக்குக் கீழே அவள் கையெழுத்து இருக்கிறதாம். பணத்துக்காக நான் போடவில்லை. என் அம்மாவை ஏமாற்றினார்கள், அவள் முட்டாள் இல்லை என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும் எனக்கு. விற்ற ஆளே "நான் சரியாகச் சொல்லாமல் விற்றேன்" என்று எழுதிக் கொடுத்தால், குறைதீர்ப்பு அலுவலகத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

அந்த ஆள் தானாகவே எங்கள் கம்பெனிக்கு போன் போட்டார். பிபிஐ பணத்தைத் திரும்பக் கேட்க ஆகஸ்டு கடைசியோடு கெடு முடிகிறது என்று நாடே முண்டியடித்த கோடைகாலம் அது. பெயர் டெரக் லிஸ்டர், வயது எழுபத்தெட்டு, கார் விற்பனை, ஓய்வு. கடையில் வேலை பார்த்தவர்களும் தங்கள் காருக்கு அதே காப்பீட்டை எடுத்தாக வேண்டுமாம். ஊருக்கெல்லாம் விற்றவருக்கும் விற்றிருக்கிறார்கள். அவர் பெயரைக் கம்பெனிப் பட்டியலில் நான் ஏற்றவில்லை. வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்து தருகிறேன் என்றேன்.

நல்ல மனிதர். அதையும் சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்து, மகன் ஆஸ்திரேலியாவில். கால் தள்ளாடும். அந்த வருடத்தில் இரண்டு முறை விழுந்திருந்தார். கழுத்தில் நகரசபை கொடுத்த சிவப்புப் பொத்தான். விழுந்தால் அமுக்க வேண்டும், ஆள் வந்து தூக்கிவிடுவார்கள். இரண்டு முறையும் இருபது நிமிடத்தில் வந்திருக்கிறார்கள். "வாரா வாரம் காசு வாங்குறானுங்க, ஆனா வந்துடுறானுங்க கண்ணு" என்று அந்தப் பொத்தானைத் தட்டிக் காட்டுவார்.

அவருடைய கிளெய்மை ஒழுங்காகப் போட்டேன். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. வேலையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

விற்பனை ரகசியம் ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போடுவாராம். கையெழுத்தானதும் ரப்பரால் அழித்துவிடுவாராம்.

"ஒரே ஒரு குறி போட்டீன்னு வை, நின்னு படிப்பாங்க. அஞ்சு போடணும் கண்ணு. அஞ்சு போட்டா கை தானா ஓடும். ரெண்டாவதுக்கு மேல எவனும் படிச்சதில்ல."

சிரித்தார். நானும் சிரித்தேன். டீ ஊற்றிக் கொடுத்தேன்.

ஏழாவது வாரம் அம்மாவின் படத்தைக் காட்டி, நான் யார் என்று சொன்னேன். எழுதித் தர வேண்டியதையும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். மழுப்புவார், கோபப்படுவார், அழுவார் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"டெனிஸா? நீலக் கார். அடடா, அந்தப் பொண்ண எப்படி மறப்பேன்? அவ ஒருத்திதான் குறியப் பாத்துட்டுப் பேனாவ கீழ வச்சா. தாளத் திருப்பிப் பின்பக்கம் படிக்க ஆரம்பிச்சுட்டா. இன்னைக்கு யாவாரம் போச்சுடா டெரக்னு நெனச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. எழுதுங்கள், அதையே எழுதுங்கள் என்றேன்.

"இரு, சொல்லி முடிக்கறேன். அப்போ நீதான் அவ கையப் புடிச்சு இழுத்த. சிப்ஸ் வேணும்னு ஒரே அழுக. கடை மூடிடுவான், வா, வான்னு. அவ உன்னப் பாத்தா, தாளப் பாத்தா. 'சரி, எங்க போடணும்?'னு கேட்டுட்டு அஞ்சையும் போட்டுட்டா. எனக்கு வேல மிச்சம். நீ பொழச்சுக்குவடான்னு உனக்கொரு மிட்டாய்கூடக் கொடுத்தேனே, ஞாபகமில்ல?"

கேலியாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். அதைச் சேர்த்து வேண்டுமானால் எழுதித் தருகிறேன், உள்ளது உள்ளபடி இருக்கட்டும், சாகிற வயதில் பொய் எழுதக் கூடாது பார் என்றார். வேண்டாம் என்றேன். கோப்பைகளைக் கழுவி வைத்தேன். வழக்கம் போல வாசல்வரை வந்து கையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து தாள்கள் கொண்டுபோனேன். நான்கு கிளெய்ம் சம்பந்தப்பட்டவை. அவற்றில் இரண்டு தேவையே இல்லை. ஐந்தில் நான்காவதாக வைத்தது மட்டும் நகரசபைக்கு. அவசர அழைப்புச் சேவை இனி வேண்டாம், மகன் குடும்பத்தோடு போய்த் தங்கப்போகிறேன் என்று போட்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஒரு குறி. அவர் கண்ணாடியைத் தேடவே இல்லை.

"நல்லாக் கத்துக்கிட்ட" என்று குறிகளைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து குறிகளை அழித்தேன். நகரசபையிலிருந்து உறுதிப்படுத்த போன் செய்தார்கள். நான் கொடுத்திருந்த எண் என்னுடையது. மருமகள் பேசுவதாகச் சொன்னேன். மாமனாரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ரொம்ப மரியாதையான பெண். பொத்தானோடு கொடுத்த கருவியைத் தபாலில் அனுப்பிவிடச் சொன்னாள், அனுப்புகிறேன் என்றேன். அது சுவரோரம் விளக்கெரிந்தபடி இருந்த இடத்திலேயே இருந்தது. பொத்தானும் அவர் கழுத்திலேயே இருந்தது. தொடவில்லை. என் அம்மாவின் காப்பீட்டுப் பத்திரமும் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது.

நான் அவரைத் தள்ளவில்லை. தரைவிரிப்பைச் சுருட்டி வைக்கவில்லை. எப்போது விழுவார் என்றுகூட எனக்குத் தெரியாது. குளிர்காலம்வரை ஆகும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போனபோது விழுந்திருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மணி அடித்தேன். வரவில்லை. குனிந்து, கதவிலிருக்கும் தபால் துளையின் மூடியைத் தள்ளிப் பார்த்தேன். கால்மிதியில் அவருடைய கிளெய்ம் செக் வந்து உறையோடு கிடந்தது. வீட்டு நடையின் கோடியில், சமையலறைத் தரையில், செருப்பில்லாத ஒரு கால் தெரிந்தது.

"ஸ்டேசியா? நீதானா கண்ணு?" குரல் காய்ந்துபோயிருந்தது. "அமுக்கிக்கிட்டே இருக்கேன்மா. எவனும் வரமாட்டேங்கறான்."

நான் குரலை உயர்த்தவில்லை. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால படிச்சிருக்கணுமே மிஸ்டர் லிஸ்டர்" என்றேன்.

"எதக் கண்ணு?" என்றார்.

மூடியைச் சத்தமில்லாமல் விட்டேன். டார்ட் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். திங்கட்கிழமைவரை உயிர் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்வரை நான் யாருக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய் நூற்றிருபது போன் பேசினேன்.

என் மேல் உங்களுக்கு இருக்கும் வெறுப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதில் கொஞ்சத்தை என் அம்மாவை ஏமாற்றியவர்கள் மேல் அன்றைக்கு யாராவது காட்டியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தத் தாளில் இருப்பது அவர் கையெழுத்து. யாரும் அவர் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. படிக்க நேரம் இருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை.

செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன் நீங்கள் எழுதியதை முழுக்கப் படிப்பேன், நேரமாகும். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் கையைப் பிடித்து இழுத்ததாக அவர் சொன்னாரே, அது வயதானவர் உளறல், அதை வாக்குமூலத்தில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு எனக்குப் பசிக்கவே இல்லை.