கை தெரியணும்

— அண்ணாச்சி, நான் இந்த வைஃபை பெட்டிய மாட்டிட்டுப் போகும்போது டர்போவுல டிக் இல்லையே. யாரு போட்டா?

— நான்தான் போட்டேன் செல்வக்குமாரு. அட்டையிலயே கொட்டை எளுத்துல அச்சடிச்சிருக்கான், டர்போ போட்டா ரெண்டு மடங்கு வேகம்னு. காசு குடுத்து வாங்கிட்டு அதை அணைச்சு வைக்கவா?

— அதாலதான் லேப்டாப்புக் கேமராவுல படம் நின்னு நின்னு வருது அண்ணாச்சி.

— கேட்டுக்கோங்க! நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி. ஆடி மாசம் வரைக்கும் அமெரிக்காவுல இருக்குற எம்மக ஜெயரூபா அம்புட்டுத் தெளிவாத் தெரிஞ்சா, அதுக்குப் பிறகுதான் இந்தக் கூத்துன்னு. இவுக எங்க காதுல வாங்குனாக?

— யோகேசு, நீ கொஞ்சம் சும்மா இரு. ஏம்ப்பா, வேகத்தக் கூட்டுனா படம் எப்பிடி நிக்கும்? என்னமோ கதை விடுற.

— கதையில்ல அண்ணாச்சி. அந்த வேகம் கிடைக்கணும்னா லேப்டாப்புக்குள்ளயும் இதே கம்பெனி வைஃபை கார்டு இருக்கணும். உங்களுது வேற கம்பெனி. பெட்டி அதுபாட்டுக்கு அள்ளி அள்ளி வீசுது. லேப்டாப்பு பாதியப் பிடிக்குது, பாதியக் கீழ விட்டுட்டு, திரும்பக் குடுன்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கு. அதுபோக, டர்போ வீட்டுக்குள்ள மட்டுந்தான் ஓடும். அமெரிக்கா வரைக்கும் ஓடாது.

— அப்ப இதே கம்பெனி கார்டு ஒண்ணு மதுரையில இருந்து வரவளைச்சுப் போடு. அடுத்த வாரம் வா.

— எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு? இந்த டிக்க எடுத்தாப் போதும். ஒரு நிமிசம் ஆகாது.

— அடுத்த வாரம்னு சொன்னேன்.

— என்னங்க நீங்க! அவ இப்ப லைன்ல வர்ற நேரம். வாராவாரம் ஞாயித்துக்கெளமை காலையில இதுக்குத்தானே குளிச்சு முளுகி உக்காந்து கெடக்கேன்? நீங்க எடுங்க தம்பி. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எம்மகளுக்குக் காது கேக்காது. வாயும் பேச வராது. எல்லாரும் மக கூட போன்ல பேசிக்கிடுவாக. எனக்கும் அவளுக்கும் பிறந்ததுல இருந்து கைதான் பேச்சு. கை தெரியலைன்னா நான் எங்கிட்டுப் போயிப் பேச?

— எனக்குத் தெரியாதுக்கா. மெயில்ல எழுதிக்கிடலாமே?

— மெயிலெல்லாம் இவுகதான் பாப்பாக. எனக்கு அதுல ஒரு எளுத்து தட்டத் தெரியாது. அவ எளுதுறதும் ரெண்டு வரிதான். 'நலம். நலமா.' இவுக வாசிச்சுக் காட்டுவாக. அதுல என் வயிறு நெறையுமா?

— நல்லாருக்கேன்னுதானே எளுதுறா. பிறகென்ன?

— முளுகாம இருக்கா தம்பி. காது கேக்காத பிள்ளைய எவன் கட்டுவான்னு என் காதுபடப் பேசுனாக இந்த ஊர்ல. இப்பப் பாருங்க, ஆறு மாசம் முடியப் போகுது! ஏளாம் மாசம் வளைகாப்பு. வர முடியாதாம்ல, அதான் கேமராவுக்கு முன்னாடி வச்சே போட்டுரலாம்னு கண்ணாடி வளையல் வாங்கி வச்சிருக்கேன். அவ மாமியார் வீட்டுக்குப் போயி, இங்கன இருந்தே வளையல் போட்டு விட்டுருவேன்னு சொல்லிச் சிரிச்சேன், அந்த அம்மா பட்டுன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டாக. அவுகளுக்கு எம்மேல எப்பவும் சடவுதான், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாக.

— எல்லார் வீட்டுக் கதையையும் அந்தத் தம்பிகிட்டச் சொல்லணுமா?

— சொல்லுவேன். சந்தோசத்தச் சொல்லாம மூடியா வைக்க? வயித்தக் காட்டுடின்னா காட்ட மாட்டேங்கா தம்பி. கைய வயித்துல வைப்பா, பிறகு வாய்கிட்டக் கொண்டு போவா, அதோட படம் நின்னுரும். திரும்ப ஓடும்போது கை மடியில கெடக்கும். முத்தம் குடுக்கான்னு நானும் திருப்பிக் குடுப்பேன். ஒரு வாரம் பாத்தா ஒரே அளுகை. பதறிட்டேன். பிள்ளைத்தாச்சிக்கு அப்பிடித்தான் இருக்கும்னு இவுகதான் சொன்னாக.

— செல்வக்குமாரு, இங்கன வா. ஒரு வார்த்தை. இருக்குறபடி இருக்கட்டும்பா. எங்க வீட்டுக்காரி இத்தன வருசத்துல இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறா. சிரிச்ச முகமா வளைய வாரா. விட்டுரேன்.

— படம் தெளிவாத் தெரிஞ்சா இன்னும் சந்தோசப்படுவாங்கள்ல அண்ணாச்சி?

— உனக்குச் சொன்னாப் புரியாது. உங்க கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ கெளம்பு. சூலக்கரையில வேலை கெடக்குன்னியே.

— அங்க என்ன குசுகுசுன்னு? தம்பி, நீங்க போகக் கூடாது. உங்களுக்கும் ஒரு அம்மா இருப்பாகள்ல? அவுகள நெனச்சு எடுத்து விடுங்க.

— அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இந்தா, எடுத்துட்டேன்க்கா. பெட்டி ஒருதரம் அணைஞ்சு எரியும். பச்சை லைட்டு வந்துருச்சு. அந்தா, அவங்களே கூப்பிடுறாங்க பாருங்க.

— ஆத்தாடி! நல்லாருப்பீக தம்பி! மூக்குத்தி கூடத் தெரியுதே! என் ராசாத்தி, எம்புட்டு எளைச்சுப் போயிட்டா. என்னங்க, இங்கன வந்து உக்காருங்க. வாசல்ல எதுக்கு நிக்கீக?

— நீ பேசு. எனக்குப் பட்டாசுக் கம்பெனி வரைக்கும் ஒரு ஜோலி இருக்கு.

— தீபாவளி முடிஞ்சும் உங்களுக்கு ஜோலி தீரலையா? ஏட்டி, எந்திரி. எந்திரிச்சு நில்லு, வயித்தப் பாப்போம். இந்தா, கையக் காட்டிச் சொல்லுதேன்ல? எந்திரிக்க மாட்டேங்கா தம்பி. அதே மாதிரிதான், வயித்துல கைய வைக்கா. வாய்கிட்டக் கொண்டு போறா. முத்தம்... இல்ல. முத்தம் இல்ல. உள்ளங்கைய ஊதுறா.

— ஊதுனா என்னக்கா அர்த்தம்?

— சின்னப் பிள்ளையில மத்தாப்பு எரிஞ்சு தீந்துச்சுன்னா அப்பிடித்தான் ஊதிக் காட்டுவா. போயிருச்சும்மா, இனி இல்லன்னு.

— அக்கா...

— வயித்துல கைய வைக்கா, ஊதுறா. திரும்பவும் அதையே காட்டுறா தம்பி. அடிப்பாவி மகளே, இத்தன வாரமா நீ இதையா சொன்ன? இதுக்கா நான் திருப்பி முத்தம் குடுத்தேன்? வளையல ஆட்டி ஆட்டிக் காட்டுனேனே! எந்தத் தாயி இப்பிடிச் செய்வா?

— யோகேசு, போதும். அதை மூடு.

— எப்படி, எப்ப ஆச்சு? ஆடியிலயா? ஆடியிலயாம்ங்க. நம்ம பிள்ளை அங்க ஒத்தையில ஆசுபத்திரியில கெடந்திருக்கு, நான் இங்கன ஊருக்கெல்லாம் மிட்டாய் குடுத்திருக்கேன்.

— மூடுன்னு சொல்றேன்ல!

— இருங்க, இன்னும் என்னமோ சொல்றா. அவ வீட்டுக்காரரு... போன் போட்டாக... அன்னைக்கே... மீசைய முறுக்குற மாதிரி காட்டுறா, அது நீங்க... என்னங்க, 'அப்பா ஒங்கிட்டச் சொல்லவே இல்லையாம்மா'ன்னு கேக்குறா.