மோந்து பார்க்கும் பழக்கம்

பெயின்டர்கள் யாரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தவுடன் வாயில் வைக்க மாட்டார்கள், ஐயா. முதலில் மோந்து பார்ப்போம். பெயின்ட்டில் கலக்கும் தின்னரும் தண்ணீரும் ஒரே மாதிரி பாட்டிலில்தான் இருக்கும், பார்வைக்கும் ஒன்றுதான். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட மாற்றிக் குடித்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மிச்சமான தின்னரை ஜூஸ் பாட்டிலில் ஊற்றிச் சமையல் மேடைக்குக் கீழே வைப்பேன். என் மனைவிக்கு அது ஆகவே ஆகாது.

"புள்ள நடக்க ஆரம்பிச்சுட்டான். மேல பூட்டி வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உங்க காதுல ஏறவே ஏறாதா?"

"வாடையே காட்டிக் குடுத்துரும், போடி" என்று சிரித்தேன். எங்கள் குண்டுப் பயலுக்கு அது அப்பா வாடை. என் வேலைச் சட்டையில் முகம் புதைத்தால்தான் அவனுக்குத் தூக்கமே வரும். இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அன்று அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நான் போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். இருமல் கேட்டு ஓடினால், பாட்டில் உருண்டு கிடக்கிறது. அதைக் கழுவிக் கவிழ்த்தேன். தரையைத் துடைத்தேன். பிறகுதான் பிள்ளையைத் தூக்கினேன். இந்த வரிசையைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

போகும்போது அலமாரியிலிருந்த அவனுடைய காய்ச்சல் மருந்தைத் திறந்து, தொட்டியில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். அன்று காலையில் அந்த மருந்தைக் கொடுத்தவள் என் மனைவி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குனிந்ததுமே கேட்டார். "தின்னர் வாடை மாதிரி அடிக்குதே?"

"நான் பெயின்டர்ங்க. தூக்கிட்டு வந்தேன்ல, என் சட்டை வாடை. இவன் குடிச்சது இந்த மருந்துதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற ஏதாவதுன்னா வைத்தியமே மாறிடும்."

தகவல் கேட்டு ஓடிவந்த மாமனார் பக்கத்தில் நின்றார். யோசித்துத்தான் சொன்னேன். "மருந்துதாங்க."

வயிற்றைக் கழுவக் குழாய் கொண்டுவந்தார்கள். தின்னர் குடித்தவருக்கு அது கூடாது. மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது, என் ஆட்களுக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். குழாய் உள்ளே போகும்வரை மாமனாரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

பக்கத்து அறையில் உங்கள் போலீஸ்காரர்களிடம் அவள் சொல்வது எனக்கும் கேட்கிறது. "மருந்து பாட்டிலை மூடினேன்னுதான் சார் நினைச்சேன். நான்தான் கொன்னுட்டேன்."

அவள் மூடித்தான் வைத்திருந்தாள், ஐயா. அழுத்தித் திருகினால்தான் அந்த மூடி திறக்கும், குழந்தை கைக்கு வராது. கடையில் கேட்டு வாங்கியதே அவள்தான். திறந்தது நான். பிள்ளையைக் கொன்றதும் நான்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை போனதற்காக, இன்றுவரை அவளை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.