பாறை மேல ஹில்லா

இல்லம்மா சன்னி, அந்தப் பாறைக்குப் போக வேணாம். மொதல்ல எஞ்சின ஆஃப் பண்ணு. படகுக் கயித்த இப்படிக் கரைக்குக் குடு. கட்டிடாத, என் கையிலயே இருக்கட்டும். இப்பல்லாம் கையில ஏதாவது புடிச்சிருந்தாத்தான் என்னால ஒரு எடத்துல நிக்க முடியுது.

படம் எடுக்கணும், தெரியும். மே மாசமானா இந்த ஏரி சீலுங்க முடி உதிர்க்கப் பாறை ஏறும், நீ படகெடுத்துட்டு எண்ண வருவ. வருஷா வருஷம் பாக்குறதுதான? இன்னைக்கு ஒரு நாள் இங்கேர்ந்தே எண்ணிக்கோயேன். ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு, அதுக்கு எதுக்குக் கிட்டப் போகணும்? என்னது? தோல்ல இருக்கற வளையக் கோடு தெரியணுமா? ஆமா, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி வளையம், அத வெச்சுத்தான் இது இன்னாருன்னு சொல்லுவீங்க. சரி சரி. இரு, அவசரப்படாத.

காப்பி குடி, ஃபிளாஸ்க்ல கொண்டாந்திருக்கேன். ஏலக்கா ரொட்டியும் இருக்கு, நானே சுட்டது, அடி கருகிப்போச்சு. வீட்டுக்காரி ஐலி சுட்டா இப்படியா இருக்கும்? ஏய், அங்க திரும்பாத! ஜன்னல்ல உக்காந்திருக்கா. போச்சு, பாத்துட்ட. சரி, கைய ஆட்டு. சிரிச்ச மொகமா ஆட்டு. போதும்.

எப்படி இருக்காளா? என்னத்தச் சொல்ல. டாக்டரு பனிக்காலத்துலயே கைய விரிச்சிட்டாரு. இனி வலிக்கு மட்டுந்தான் மருந்தாம். ஆஸ்பத்திரியிலயே இருடின்னா மாட்டேன்னுட்டா. ஏரியப் பாத்தாப்புல கட்டிலப் போடுன்னா, போட்டேன். எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? அவளோட சீலு ஹில்லாவப் பாக்கணும்.

அவ கட்டுன பனிமேட்டுலதான அது பொறந்துச்சு. அந்த வருஷம் பனியே சரியா விழல. கரையோரமா, ஏரி ஐஸ் மேல பனிய வாரிக் குவிச்சு வெச்சா சீலு அதுக்குள்ள வளை தோண்டிக் குட்டி போடும்னு நீங்கள்லாம் வந்து சொன்னீங்க. நான் சிரிச்சேன். வீட்டு வாசல்ல பனி தள்ள மாட்டா, சீலுக்கு மாளிகை கட்டப் போறாளாம்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இடுப்பொடியக் கட்டுனா. மேடு கரையறப்ப உள்ள குட்டி. அன்னைக்கு வீட்டுக்கு வந்த வேகத்துல குட்டி மாட்டிக்கும்னு என் வலை அத்தனையும் சுருட்டிப் பரண்ல போட்டுட்டா. கவர்மெண்டு வசந்த காலத்துல மட்டுந்தான் வலை போடாதங்குது, இவளுக்கு வருஷம் பூரா வசந்த காலம். நான் கத்துனேன். இத்தாம்பெரிய ஏரிக்கு நானூறோ ஐநூறோ சீலு, அதுக்காக ஏரிக்கரைல இருக்கறவன் கடையில மீன் வாங்கறதான்னு கேட்டேன். ஆமா, போய் வாங்கிட்டு வான்னா. போனேனே, வேற வழி?

கொஞ்சம் இரு, கூப்பிடறாளா? இல்ல, காத்துதான்.

இந்தத் தடவ ஐஸ் உடைஞ்சதுலேர்ந்து வெச்ச கண்ணு வாங்காம பாறையவே பாத்துட்டு இருந்தா. பாறை காலி. நாளைக்கு வரும்டின்னு சொல்லுவேன். மறுநாளும் காலி. அப்புறம் சாப்பிடறதையே நிறுத்திட்டா. கரண்டியக் கொண்டு போனா வாய இறுக்கிக்கறா. எனக்கு வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளல. நீராவிக் குளியலுக்கு சவுனாவுக்குப் போறேன், வர்றேன், வெறகு பொளக்கறேன், பொளந்ததையே திரும்பப் பொளக்கறேன். அப்புறம் ஒரு நாள் காலங்காத்தால கத்தறா, கவுக்கோ, வந்துட்டா பாருன்னு. பாறை மேல கருப்பா, நீட்டமா கெடக்கு. அன்னைக்கு வறுத்த முய்க்கு மீன் ரெண்டு தின்னா. தலையோட தின்னாம்மா. நான் அடுப்பங்கரையில போய் நின்னு அழுதேன்.

தெரியும்மா. நீ சொல்லாட்டியும் தெரியும், அது ஹில்லா இல்ல. வலையில மாட்டிச் செத்தது ஹில்லாதான், வளையத்த ஒப்பிட்டுப் பாத்துட்டோம்னு போன வருஷம் எனக்கு போன் பண்ணதே நீதான? நீ கூட அழுத. நான் போன வெச்சிட்டு, படகு மோட்டார விக்கிறீங்களான்னு எவனோ கேட்டாண்டின்னு ஐலிகிட்ட சொல்லிட்டேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவளுக்கு இப்படி ஆயிருச்சு, எந்த வாயால சொல்றது?

அய்யய்ய, உன் மொகம் ஏன் இப்படி மலருது? அப்ப இது புதுசான்னு கேக்கற. கணக்குல ஒண்ணு கூடிருச்சுன்னு நெனைச்சிட்ட. காலையிலயே எதிர்க்கரையிலேர்ந்து பாத்து இதையும் சேத்து எண்ணிட்டியா? அடக் கடவுளே. கணக்குலேர்ந்து எடுத்துரும்மா, அத எடுத்துரு.

அது மணல் மூட்டை. ரெண்டு மூட்டைய சேத்துக் கட்டி, மேல என் பழைய படகுத் தார்ப்பாயப் போத்தி வெச்சிருக்கேன். அவ கண்ணசந்த நேரமாப் பாத்துப் போய் வெச்சேன். கெடந்த மேனிக்கே கெடக்கேன்னு சொன்னாளேன்னு திருப்பி வெக்கப் போனா, பாறைகிட்ட என் படகப் பாத்துட்டா. முடி உதிர்க்கற சீலு பக்கத்துல போவியா, உனக்கு அறிவிருக்கான்னு கேட்டுட்டு அன்னைக்குப் பூரா மொகங்குடுத்துப் பேசல. மூட்டையில எங்கயோ கிழிசல், மணல் ஒழுகுது. ஹில்லாவும் என்னய மாதிரியே எளைச்சிட்டான்னு நேத்துச் சொல்றா.

உன் கணக்குல அது வேணாம்மா. பொய்க்கணக்கு எழுதச் சொன்னேன்னு தெரிஞ்சா ஐலியே என்னைய ஏரியில தள்ளிருவா. ஆனா நீ இப்ப படம் எடுக்காமத் திரும்பிட்டா, ஏன்னு கேப்பா. நெசமாவே சீலு கெடந்தா எவ்வளவு தூரத்துல நிறுத்துவியோ, அங்க நிறுத்து. கேமராவத் தூக்கி நாலு படம் எடு, நிதானமா எடு. நான் உள்ள போய்ச் சாப்பாட்டக் கொண்டு போறேன். நீ எடுக்கறத அவ பாத்துட்டு இருக்கறப்பவே ரெண்டு வாய் ஊட்டிருவேன்.