தொடாமலே செய்த வேலை

அவைக்குத் தலைமை தாங்கி, மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கண்காணிக்கும் டாக்டர் அம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, நாளை முதல் எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாய் எங்களோடு வார்டுக்குள் வரப்போகும் புதிய தொண்டர்களே, அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

பந்தாட்டக்காரர்களின் கால்களைப் பிசைந்து பிழைப்பவள் நான். வாரத்தில் ஒரு நாள் மட்டும், இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவம் கைவிரித்தவர்கள் தங்கும் நம் இல்லத்துக்கு வந்து, கூலியில்லாமல் கைகால் நீவிவிடுகிறேன்.

என்ன அண்ணே, பின்வரிசையிலிருந்து? "போகப்போறவங்களுக்கு மசாஜ் எதுக்கு?" என்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்வி. கேட்டதற்கு நன்றி.

நோயாளியின் உடம்பை யார்தான் தொடவில்லை? ஊசி தொடுகிறது, குழாய் தொடுகிறது, உறை மாட்டிய கை தொடுகிறது. திருப்புகிறார்கள், துடைக்கிறார்கள், தூக்கி உட்கார வைக்கிறார்கள். ஆனால் தொடலாமா என்று கேட்டவர் யார்? நாங்கள் கேட்கிறோம். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கட்டிலருகே அமர்ந்து கேட்கிறோம். வேண்டாம் என்றால் தொடுவதில்லை, எழுந்து ஓடுவதுமில்லை. அவருக்கென்று ஒதுக்கிய நேரம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் சட்டம் இவ்வளவுதான்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனையாக வந்து சேர்ந்தார் ஒரு பஸ் டிரைவர். படுத்த படுக்கையிலும் அவருடைய வலது கால் ஓயாது. எதிரே இருப்பவர் பேச்சு வேகமெடுத்தால் போதும், பாதம் தானாக மெத்தையில் அழுந்தும். "தொடலாமா ஐயா?" என்றேன். "வேணாம்" என்றார். அடுத்த வாரமும் "வேணாம்". அதற்கடுத்த வாரம் நான் வாயைத் திறக்குமுன்பே "வேணாம்". சொல்லிவிட்டு முகத்தில் எத்தனை களிப்பு! சாப்பாடு அவர் இஷ்டத்தில் இல்லை, தூக்கம் அவர் இஷ்டத்தில் இல்லை, ஜன்னலைத் திறப்பதுகூட அவர் இஷ்டத்தில் இல்லை. மறுத்துப் பேச அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் நான். அந்த "வேணாம்" கேட்டு எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர் மகள் சிரிக்கவில்லை. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வராந்தாவில் என்னை மடக்கினாள்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவார். தூங்கும்போது புடிச்சு விட்டுட்டுப் போங்களேன். கால் வலி தாங்காமத் துடிக்கிறார்."

"நீங்களே புடிச்சு விடலாமேம்மா?"

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஒரு தடவை கையப் புடிச்சேன், வலியில கத்திட்டார். அதுலேர்ந்து போர்வையத்தான் தொடுறேன். அப்பாவத் தொடாமலே அனுப்பி வச்சிருவேனோன்னு பயமா இருக்கு."

அவையோரே, தூங்குகிறவரைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? என் விரல்கள் துறுதுறுத்தன. அவள் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஆனாலும் தொடவில்லை. தொட்டிருந்தால், அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே அதிகாரத்தையும் பிடுங்கியவள் ஆகியிருப்பேன்.

அடுத்த வாரம் வழக்கம்போலக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சுவரோரம் ஒட்டி நின்ற மகளைப் பார்த்தார்.

"நீ வேணாம். அவ பயப்படுறா. அவளுக்குச் சொல்லிக் குடு."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். மகளின் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, "அழுத்தாதீங்கம்மா. உங்க கையோட கனமே போதும்" என்றேன். அவள் குனிந்தாள்.

"அப்பா, தொடலாமா?"

"ம். தொடு."

தொட்டாள். பதற்றத்தில் கை வேகமாக ஓடியது. அவருடைய வலது பாதம் அவள் உள்ளங்கைக்குள் அழுந்தியது. வலிக்கிறதோ என்று அவள் பதறினாள்.

"பிரேக் போட்டேன். மெதுவாப் போ."

சிரித்துக்கொண்டே அழுதாள் அவள். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்ததும், "ஏன் நிறுத்திட்ட? இன்னும் கொஞ்ச தூரம் போலாம்" என்றார் தந்தை.

போனார்கள், அவர் மூச்சு நிற்கும் நாள்வரை. அந்த மூச்சு நின்றபோது அவர் பாதம் மகளின் கைக்குள் இருந்தது.

புதிய தொண்டர்களே, என் தொழிலில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவர்மேல் என் விரல்நுனிகூடப் பட்டதில்லை. வாருங்கள், கைகளைச் சூடாக்குங்கள், கேளுங்கள், வேண்டாம் என்றால் மகிழ்ந்து உட்காருங்கள்.

இதோ, டாக்டர் அம்மா மணியைத் தொட்டுவிட்டார், என்னைக் கேட்காமலே. பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு என் நன்றி. நாளை வார்டில் சந்திக்கும்வரை, வணக்கம்.