வெள்ளைன்னு அவர், சிவப்புன்னு நான்

— இலையைக் கசக்காதீங்கம்மா, இப்படிக் குடுங்க. எங்க கிடைச்சது?

— எங்க வீட்டு வாசல்லயே நிக்குது அண்ணே. நாங்க குடிவந்தப்பவே இருந்துச்சு, என் தலைக்கு மேல உயரம். நர்சரி வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா? இது என்ன செடின்னு எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்.

— இருங்க, இருங்க. பருத்தி இலை சாயல்... அடியில மெத்துன்னு முடி. பூ எப்படி?

— ரோஜா கணக்கா அடுக்கடுக்கா. இந்தாங்க, நேத்து உதிர்ந்தது. சுருண்டு கிடந்தாலும் சிவப்புதானே? சொல்லுங்க!

— சிவப்புதான். அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

— என் வீட்டுக்காரர் வெள்ளைங்கிறார் அண்ணே! பத்து நாளா பேச்சே இல்ல.

— ஒரு பூவுக்கா?

— அவருக்கு அச்சகத்துல ராத்திரி ஷிஃப்ட். எனக்கு ஆஸ்பத்திரி லேப், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். நான் சாயங்காலம் வர்றதுக்குள்ள அவர் போயிடுவார். எங்க குடித்தனமே ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற சீட்டுலதான் நடக்குது.

— போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றதுதானே?

— அனுப்பினாரே, வெள்ளையா ஒண்ணு. நெட்டுல சுட்டதுன்னு எழுதி ஒட்டினேன். "என்னை நம்பவே மாட்டியா"ன்னு எழுதினார். அதோட சீட்டும் நின்னுபோச்சு. அதான் அரைநாள் லீவு போட்டுட்டு வந்தேன்.

— இருங்க. நீங்க பூவைப் பாக்கிறது சாயங்காலம். அவர்?

— காலைல வேலை முடிஞ்சு வர்றப்போ.

— மத்தியானம் யார் பாக்கிறது?

— யாரு பாக்க? அவர் தூங்குவார், நான் லேப்ல. ஏன்?

— ரெண்டு பேருமே பொய் சொல்லலம்மா. இது செம்பருத்தியில ஒரு வகை. காலைல வெள்ளையா விரியும், மத்தியானம் ரோஸ் ஆகும், சாயங்காலம் சிவந்துடும். அதே பூ, அதே நாள்ல.

— அய்யய்யோ! அந்த மனுஷனை என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்!

— இருங்க, இருங்க. உங்க வீட்டுக்காரருக்கு விரலெல்லாம் மை இருக்குமா? சோடாபுட்டிக் கண்ணாடி?

— ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஒரு மணி நேரம் முன்னாடி வந்து, நல்ல சிவப்பா பூக்கிற செம்பருத்தி ஒண்ணு வாங்கினார். என் மண்வெட்டியையும் இரவல் கேட்டார். எதுக்குன்னு கேட்டேன். "வாசல்ல நிக்கிற வெள்ளையைத் தோண்டி எடுத்துட்டு இதை வைக்கணும். சாயங்காலம் அவ வர்றப்போ, அவ சொன்னதே நிஜமா இருக்கட்டும்"னார்.