கிடார்க்காரர் மறந்த மெட்டு

எண்பதுகளில் ஒரு பிற்பகல். திருவண்ணாமலையில் கிளம்பத் தயாராக இருந்த மெட்ராஸ் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கிடாரை உறையோடு மடியில் வைத்திருந்தவர் ஜன்னலுக்கு வெளியே நின்றவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“நான் போட்ட மெட்டுதான் முருகா. எனக்கே மறந்துபோச்சு. நீ பாடிக் காட்டு.”

“இத்தனை பேர் எதிர்லயா பாய்?”

“கல்யாண வீட்டுல மைக்கை விடமாட்ட, இப்ப வெக்கமா? போன வருஷம் செங்கம் ரோடு ராக் கச்சேரியில மேடையிலயே தோணிச்சு, வாசிச்சேன். நீயும் கேட்டுட்டுதானே இருந்த. யாரும் டேப் பண்ணல. ஆரம்பத்தை லாட்ஜ் வாட்ச்மேன் விசிலடிச்சுக் காட்டினான். முடிவு காலேஜ் பசங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. நடுவுலதான் ஒண்ணுமே இல்ல. நாளைக்கு கேசட் கம்பெனியில வாசிக்கணும். விட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க.”

டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார்.

முருகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாடினார். பாயின் விரல்கள் உறையின் மேல் ஓடி, சட்டென்று நின்றன.

“இரு. இந்த இழுப்பு என்னோடது இல்ல.”

“அது நான் சேத்தது பாய். தினம் பாப்பாவைத் தூங்க வெக்கறது உங்க மெட்டுதான். தூங்கலன்னா அங்க கொஞ்சம் இழுப்பேன்.”

“அப்போ என்னோடது எது?”

“தெரியலையே பாய். ரெண்டும் கலந்துபோச்சு.”

கண்டக்டர் விசில் ஊதினார்.

“இதையே வாசிச்சுட்டு, நான் போட்டதுன்னு சொல்லவா?”

பஸ் நகர்ந்தது. முருகன் கம்பியை விடாமல் கூடவே ஓடினார்.

“சொல்லுங்க பாய். ஆனா அந்த இடத்தை மட்டும் வேகமா வாசிச்சிடாதீங்க. பாப்பா முழிச்சுக்கும்.”